சங்கிலியும் சர்க்கரையும்: மனநோய் மருந்துகளின் வரலாற்றில் ஒரு பகுதி

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநோயாளர் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்பியோட வழியின்றிக் கருகினர். மாண்டோர் 28 பேர். காப்பகம் தர்கா நிர்வாகத்துக்கு உரியதன்று. எனினும் தர்காவை நாடி வந்தோரை நம்பியே அத்தகைய காப்பகங்கள் அங்குப் பெருகியிருந்தன. சில நாட்களுக்குள் அரசு அவற்றை மூடியது. அங்கிருந்த நூற்றுக்கணக்கானோர் அரசின் பராமரிப்புக்கு மாற்றப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அந்தத் தீயைப் பற்றி நம் இதழ்களில் நிறையவே எழுதப்பட்டுவிட்டது. அதன் மறுபக்கத்தைப் பற்றி மிகக் குறைவாகவே பேசியிருக்கிறோம். சங்கிலி கழன்றவர் கைக்கு மாத்திரை வந்தது. அந்த மாத்திரை அவர் உடலில் என்ன செய்தது என்பதே அந்த மறுபக்கம்.

அக்காலத்திலேயே உலகின் வேறொரு மூலையில் அக்கேள்வி சூடுபிடித்திருந்தது. மனச்சிதைவுக்குத் தரப்படும் புதிய மருந்துகளை உட்கொள்வோருக்கு நீரிழிவு வருகிறது என்ற செய்தி 1990களின் நடுப்பகுதியிலிருந்தே மருத்துவ இதழ்களில் துளித்துளியாக வந்துகொண்டிருந்தது. 2002இல் ஜப்பான் அரசு, நீரிழிவு உள்ளவர்களுக்கு ஓலன்சபின் தரலாகாது என்று அறிவித்தது. 2003இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், இவ்வகைப் புதிய மருந்துகள் அனைத்தின் உறையிலும் நீரிழிவு எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்றது. ஏர்வாடிச் சாம்பலுக்கும் இந்த எச்சரிக்கைக்கும் இடைவெளி இரண்டே ஆண்டுகள். ஆனால் இரு செய்திகளும் நம் நாட்டில் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

உண்மையில் அவை சந்திக்காதது புதிதன்று. இப்னு ஸீனா (கி.பி. 980–1037) தம் 'அல்கானூன்' பெருநூலின் மூன்றாம் பகுதியை உறுப்புவாரியாக, தலையில் தொடங்கிப் பாதம் நோக்கி வகுத்தார். மனச்சோர்வுநோயாகிய 'மாலிகோலியா' தலையின் நோய்களோடு இடம்பெற்றது; 'தியாபீத்தஸ்' என்னும் நீரிழிவு சிறுநீரக நோய்களோடு இடம்பெற்றது. நூலின் அமைப்புக்கு அது பொருத்தமே. ஆயினும் அந்தப் பிரிவினை நம் மருத்துவமனைகளில் இன்றுவரை சுவராகவே நின்றுவிட்டது. மனநலப் பிரிவு ஒரு கட்டடம், சர்க்கரை நோய்ப் பிரிவு வேறொரு கட்டடம். நோயாளி மட்டும் ஒருவரே. இப்னு ஸீனாவுக்கு ஒரு நூற்றாண்டு முன்பே அபூஸைத் அல்பல்கீ (850–934) உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் அடுத்தடுத்து வைத்து எழுதினார் என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்ற அந்நூலின் தலைப்பே உடல்களையும் உள்ளங்களையும் சேர்த்துச் சொல்கிறது. டமாஸ்கஸில் நூருத்தீன் ஸங்கி 1154இல் நிறுவிய மருத்துவமனையும், கெய்ரோவில் மன்னர் கலாவூன் ஹி. 683இல் (கி.பி. 1284) எழுப்பிய மன்ஸூரி மருத்துவமனையும் மனநோயாளரையும் மற்ற நோயாளரையும் ஒரே கூரையின்கீழ் ஏற்றன. இப்பெருமையை நாம் மேடைதோறும் சொல்லி வருகிறோம். ஏர்வாடிக் கொட்டகைகளை அப்பெருமையின் அருகில் வைத்துப் பார்க்கத் துணிந்தவர்கள் சிலரே.

ஐரோப்பாவில் இவ்விரு நோய்களின் உறவு பற்றிய ஐயம் பழையது. சிறுநீரின் இனிப்பைப் பதினேழாம் நூற்றாண்டில் எழுதிவைத்த ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ், நெடிய துயரமே நீரிழிவுக்கு ஒரு காரணம் என்று கருதினார். (அந்த இனிப்பை நம் நாட்டு மருத்துவர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே அறிந்து 'மதுமேகம்' என்று பெயரிட்டிருந்தனர்.) 1879இல் ஹென்றி மாட்ஸ்லி, மனநோய் மிகுந்த குடும்பங்களில் நீரிழிவும் அடிக்கடி தென்படுகிறது என்று குறித்தார். அக்காலத்தில் மனநோய்க்கென்று மருந்தே கிடையாது. ஆகவே பழி முழுவதையும் மருந்தின் தலையில் சுமத்த இயலாது. 2003இல் அயர்லாந்தில் வெளியான ஆய்வொன்றும் இதையே காட்டியது. மாத்திரை எதையும் இன்னும் தொடாத, முதன்முறையாக நோயுற்ற மனச்சிதைவு நோயாளருள் சிலரிடம் சர்க்கரையைக் கையாளும் திறன் ஏற்கெனவே குறைந்திருந்தது. நோயே உடலைப் பாதி வழி இழுத்துச் செல்கிறது. மீதி வழியை மருந்து கடக்கவைக்கிறது என்று கொள்வதே பொருத்தம்.

இன்சுலினின் கதை இதில் ஒரு வினோதம். 1921இல் டொரண்டோவில் கண்டறியப்பட்ட அந்தச் சுரப்புநீர் நீரிழிவுக்காரரின் உயிர்காக்கும் மருந்தாயிற்று. பன்னிரண்டு ஆண்டுகளுக்குள், வியன்னாவில் மான்ஃபிரெட் சாக்கல் அதையே மனநோயாளருக்கு ஏற்றிச் சர்க்கரையை அபாயகரமான அளவுக்குத் தாழ்த்தி, அவர்களை நினைவிழக்கச் செய்து, பின் குளுக்கோஸ் கொடுத்து எழுப்பினார். மனச்சிதைவு இதனால் தணியும் என்று நம்பப்பட்டது. இந்திய மனநல மருத்துவமனைகளும் இம்முறையைக் கையாண்டன. 1950களில் நடந்த ஒப்பாய்வுகள் அந்நம்பிக்கையைத் தகர்த்தன. அதே பத்தாண்டில்தான் மாத்திரைகள் வந்தன; இம்முறை சர்க்கரை எதிர்த்திசையில் ஏறத் தொடங்கியது.

மாத்திரைகளின் வரலாறு பாரிஸில் தொடங்குவதாகவே பாடநூல்கள் எழுதுகின்றன. அதற்கு முன்பு டில்லியில் ஓர் அத்தியாயம் உண்டு. ஹக்கீம் அஜ்மல் கான் (1868–1927) நிறுவிய திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்தீகி என்ற வேதியியலாளர் சர்ப்பகந்தாவின் வேரை ஆராய்ந்தார். பீகாரில் 'பைத்தியத்தின் மருந்து' என்றே மக்கள் அழைத்து வந்த வேர் அது. 1931இல் சித்தீகியும் அவர் சகோதரரும் அதிலிருந்து பிரித்த வேதிப்பொருள் ஒன்றுக்குத் தம் புரவலரின் நினைவாக 'அஜ்மலின்' என்று பெயரிட்டனர். அதே ஆண்டு கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் வங்க மருத்துவர் இருவர், இவ்வேர் இரத்த அழுத்தத்தையும் மனக்கொந்தளிப்பையும் தணிக்கிறது என்று எழுதினர். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் இரத்த அழுத்தத்தில் அதன் பயனை பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்ட பிறகுதான் மேலைநாடு விழித்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் ரிசர்பினைப் பிரித்தெடுத்தனர். 1954இல் நியூயார்க்கில் நேதன் கிளைன் அதை மனநோயாளருக்குக் கொடுத்துப் பயன் கண்டார். யூனானி, ஆயுர்வேத மரபுகள் பேணிவந்த வேர் நவீன மனநல மருந்தியலின் வாசற்படிகளுள் ஒன்றாயிற்று. சித்தீகி பின்னர் பாகிஸ்தான் சென்று நெடுங்காலம் வாழ்ந்து 1994இல் மறைந்தார். அவரை வேம்பின் ஆய்வாளராக மட்டும் அறிந்தோர் இந்த முந்தைய பணியையும் அறிதல் நலம்.

ரிசர்பின் நிலைக்கவில்லை. இரத்த அழுத்தம் மிகத் தாழ்ந்தது; சிலர் கடுஞ்சோர்வில் ஆழ்ந்தனர். 1952இல் பாரிஸின் சேந்த் ஆன் மருத்துவமனையில் டிலே, டெனிக்கர் இருவரும் கையாண்ட குளோர்புரோமசின் அதன் இடத்தைப் பிடித்தது. 'லார்காக்டில்' என்ற பெயரில் நம் மூத்த தலைமுறை மருத்துவர்களின் சீட்டுகளில் இடம்பெற்ற மருந்து அதுவே. இதுவும் சர்க்கரையை உயர்த்துகிறது என்ற குறிப்பு 1956லேயே அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளிவந்தது. அடுத்த பத்தாண்டில் இக்குழு மருந்துகளால் வரும் நீரிழிவு பற்றி மேலும் சிலர் எழுதினர். ஆனால் எவர் கண்ணிலும் அது நிற்கவில்லை. கைநடுக்கம், உடல் விறைப்பு, வாயும் நாவும் தாமாக அசைதல் ஆகியவை கண்ணுக்குத் தெரிந்த கேடுகள். இரத்தத்தில் ஏறும் சர்க்கரை கண்ணுக்குத் தெரியாதது. மருத்துவ உலகின் முழுக் கவனமும் நடுக்கம் தராத மருந்தொன்றைத் தேடுவதில் சென்றது.

அப்படிக் கிடைத்ததே குளோசபின். 1975இல் பின்லாந்தில் அதை உட்கொண்டோரின் வெள்ளையணுக்கள் திடீரென வீழ்ந்து 8 பேர் இறந்ததால் பல நாடுகளில் அது ஒதுக்கப்பட்டது. 1988இல் வெளியான ஆய்வு, வேறெந்த மருந்துக்கும் அடங்காத நோயாளருக்கு அது பயன்படுவதை நிறுவ, இரத்தப் பரிசோதனை நிபந்தனையுடன் மீண்டும் வந்தது. பரிசோதனை வெள்ளையணுக்களுக்கானது, வாரந்தோறும் குருதி எடுத்தார்கள், ஆனால் அதே குருதியில் சர்க்கரையைப் பார்க்கவேண்டும் என்று எவரும் கட்டளையிடவில்லை. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹெண்டர்சன் குழுவினர் குளோசபின் உட்கொண்ட 82 பேரை ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்த முடிவை வெளியிட்டனர். 30 பேருக்கு, அதாவது மூவரில் ஒருவருக்கு மேல், நீரிழிவு கண்டறியப்பட்டிருந்தது.

குளோசபினின் சாயலில், வெள்ளையணு அபாயமின்றி உருவாக்கப்பட்டது ஓலன்சபின். 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று எலி லில்லி நிறுவனத்துக்குப் பெருஞ்செல்வம் ஈட்டித் தந்தது. உடல் எடையும் சர்க்கரையும் கூடுவது பற்றித் தங்களுக்கு உரியவாறு எச்சரிக்கை தரப்படவில்லை என்று ஆயிரக்கணக்கானோர் வழக்குத் தொடுத்தனர். குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே நிறுவனம் 2005இல் ஏறத்தாழ 8,000 பேருக்காக 69 கோடி டாலரும், 2007இல் மேலும் 18,000 பேர் வரையிலானோருக்காக 50 கோடி டாலர் வரையிலும் தந்து சமரசம் செய்தது. 2009இல், அனுமதிக்கப்படாத நோய்களுக்கு மருந்தை விளம்பரப்படுத்திய வழக்கில் 141.5 கோடி டாலர் செலுத்த இசைந்தது.

இந்தியாவில் இப்படியொரு வழக்குமன்றப் பேரலை எழவில்லை. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை. செய்முறைக்கு மட்டுமே தந்தது. 2005இல் சட்டம் மாறும்வரை இந்திய நிறுவனங்கள் வெளிநாட்டு மருந்துகளை வேறு வழியில் தயாரித்து மலிவாக விற்றன. அமெரிக்கர் பெரும் விலை கொடுத்து வாங்கிய ஓலன்சபின் நம் சிறுநகர மருந்துக் கடைகளில் சில ரூபாய்க்குக் கிடைத்தது. இது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. ஆனால் மாத்திரை வந்த வேகத்தில் எச்சரிக்கை வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்து வன்னியம்பட்டி போன்ற ஊரில் ஒருவருக்கு மனச்சிதைவு நோய் கண்டால், குடும்பத்தார் ஒரு காலத்தில் ஏர்வாடியை எண்ணினர். பின்னர் மதுரை அரசு மருத்துவமனையை எண்ணினர். மாதம் ஒருமுறை பேருந்தேறிச் சென்று மாத்திரை வாங்கி வருவதே ஒருநாள் கூலியை விழுங்கும் செலவு. அங்கிருக்கும் ஓரிரு மருத்துவர் முன் நீண்ட வரிசை. 'தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா, சத்தம் போடுகிறாரா' என்பதோடு உரையாடல் முடியும். நன்றாகச் சாப்பிடுகிறார் என்றால் அங்கே அது நற்செய்தி. அளவுகடந்து சாப்பிடுகிறார் என்பதும் நற்செய்தியாகவே எழுதப்பட்டுவிடும்.

அந்தப் பசி இயல்பான பசியன்று. மூளையில் பசியை அடக்கும் ஹிஸ்டமின், செரட்டோனின் ஏற்பிகளை இம்மருந்துகள் மூடிவிடுகின்றன; வயிறு நிறைந்த உணர்வு தாமதமாகிறது. இனிப்பின்மீது தனி நாட்டம் பிறக்கிறது. பால்கோவாவுக்குப் பெயர்பெற்ற ஊரின் அருகிலிருப்போருக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. கணையத்தில் இன்சுலின் சுரக்கத் தூண்டும் ஏற்பியையும் குளோசபினும் ஓலன்சபினும் தடுக்கின்றன. எடை கூடாதவருக்கும் சர்க்கரை கூடுவது இதனால்தான். 'என் மகன் ஒல்லியாகத்தானே இருக்கிறான்' என்று தாய் நிம்மதி கொள்வதற்கு இடமில்லை. அதிலும் நம்மவர் உடலமைப்பு தனி. ஒல்லியாகத் தோன்றினும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்வது இந்தியரின் இயல்பு என்று சென்னை ஆய்வாளர்கள் பலகாலமாகச் சொல்லி வருகின்றனர். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடுதழுவிய ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு. நாட்டின் சராசரி 11.4. இந்த மண்ணில் அம்மருந்து விழும்போது விளைவு கடுமையாவதில் வியப்பென்ன?

மருந்தின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்தறிய உலகமே தமிழ்நாட்டின் பக்கம் திரும்பிய தருணம் ஒன்றுண்டு. மேலைநாடுகளில் மருந்தே தொடாத நெடுநாள் மனச்சிதைவு நோயாளரைக் காண்பது அரிது. நம் சிற்றூர்களில் அத்தகையோர் இருந்தனர். சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அத்தகையோரைத் தேடிக் கண்டு சோதித்தனர். பத்மாவதியும் உடனாய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட முடிவின்படி, மருந்து உட்கொள்ளாதவர்களிடையே உடற்பருமனும், சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் மூன்றும் சேர்ந்து தாக்கும் நிலையும் குறைவாகவே இருந்தன. அதாவது நோய் ஒரு பங்கினதென்றாலும் மருந்தின் பங்கு சிறிதன்று. அறிவியலுக்கு இவ்வளவு மதிப்புமிக்க சான்று கிடைத்ததற்குக் காரணம், ஆண்டுக்கணக்கில் அம்மனிதர்களை எந்த மருத்துவமும் எட்டவில்லை என்பதே. அச்சான்றைப் படிக்கும்போது நமக்கு மகிழ்ச்சியும் நாணமும் ஒருங்கே எழுகின்றன.

இதைப் படித்துவிட்டு 'அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிடலாமே' என்று எவரேனும் முடிவு கட்டினால் அது பெருங்கேடு. பின்லாந்தில் 62,250 மனச்சிதைவு நோயாளரை இருபதாண்டு வரை பின்தொடர்ந்து 2020இல் வெளியான ஆய்வு, மருந்து உட்கொண்ட காலத்தைவிட மருந்தின்றி இருந்த காலத்திலேயே இறப்பு மிகுந்தது என்று காட்டியது. எடையையும் சர்க்கரையையும் மிகுதியாக ஏற்றும் குளோசபினே உயிர்காப்பதிலும் முன்னணியில் நின்றது. அமெரிக்க அரசின் ஆதரவில் 1,493 பேரிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட ஒப்பாய்விலும் இந்த இருமுகம் தெரிந்தது. நோயாளர் மற்றெல்லாவற்றையும்விட நீண்டகாலம் கைவிடாமல் உட்கொண்டது ஓலன்சபினை. எடை மிகக் கூடியதும் அதனால்தான். மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் நோய் திரும்பும். திரும்பிய நோய் சில வீடுகளில் மீண்டும் சங்கிலியைத் தேடும். மாற்றவேண்டுமெனில் மருத்துவரே மாற்றவேண்டும். அரிப்பிபிரசோல் போன்ற, சர்க்கரையை அவ்வளவாகத் தொடாத மருந்துகளும் இருக்கின்றன. எல்லோருக்கும் அவை போதுமானவை அல்ல.

செய்யவேண்டியது என்ன என்பதில் மருத்துவ உலகில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. 2004இல் அமெரிக்க நீரிழிவுக் கழகமும் மனநல மருத்துவர் கழகமும் இணைந்து ஓர் ஒழுங்கை வகுத்தன. மருந்து தொடங்குமுன் எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், வெறும்வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் குறித்துவைக்க வேண்டும். எடையை 4, 8, 12 ஆம் வாரங்களிலும் பின்னர் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பார்க்கவேண்டும். சர்க்கரையை 12ஆம் வாரத்திலும் பின்னர் ஆண்டுதோறும் பார்க்கவேண்டும். இந்தியருக்கு இடுப்பளவின் எல்லை ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. தையற்காரரின் நாடா ஒன்றும் வீட்டுக்கணக்கு எழுதும் நோட்டு ஒன்றும் இருந்தால் இதில் பாதியைக் குடும்பமே செய்துவிடலாம். நீரிழிவுக்கு நெடுங்காலமாக வழங்கிவரும் மலிவான மெட்ஃபார்மின் மாத்திரை, மனநல மருந்தால் ஏறும் எடையையும் கட்டுப்படுத்துகிறது என்று 2008இல் சீனாவில் நடந்த ஆய்வு காட்டியது. 2024இல் அயர்லாந்தைச் சார்ந்த குழுவொன்று, எடையேற்றும் மருந்தைத் தொடங்கும்போதே சிலருக்கு மெட்ஃபார்மினையும் உடன் தொடங்கலாம் என்று வழிகாட்டு நெறி வெளியிட்டது. இதை மருத்துவரிடம் கேட்பது நோயாளியின் உரிமை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்ததை எல்லோரும் அறிவர். அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு, மனநோயாளர் மருத்துவப் பராமரிப்பில் உடல்நோயாளருக்குச் சமமாக நடத்தப்படவேண்டும் என்கிறது. அதை அறிந்தவர் குறைவு.

வீட்டார் கவனிக்கத் தவறும் ஓர் ஆபத்தை இங்கே தனித்துச் சொல்லவேண்டும். மனச்சிதைவு நோயாளருள் சிலருக்குக் காரணமின்றி ஓயாமல் தண்ணீர் குடிக்கும் பழக்கம் உண்டு. ஆகவே நீரிழிவின் தாகத்தையும் 'அவர் வழக்கம் அது' என்று விட்டுவிடுகின்றனர். சோர்வையும் உறக்கத்தையும் மாத்திரையின் மயக்கம் என்று எண்ணுகின்றனர். குளோசபின், ஓலன்சபின் தொடங்கிய முதல் சில மாதங்களிலேயே சிலருக்குச் சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறி, வாந்தி, மூச்சிரைப்பு, நினைவிழப்பு என்று உயிருக்கே ஆபத்தாக முடிந்ததுண்டு. புதிதாகத் தாகம், இரவில் பலமுறை சிறுநீர், எடை திடீரெனக் குறைதல் ஆகியவை கண்டால் அன்றே சர்க்கரை பார்க்கவேண்டும்.

ரமளான் மாதம் இதில் ஒரு தனி வினா. மனநல மருந்துகள் பலவும் இரவில் ஒருவேளை உட்கொள்ளத்தக்கவை. நோன்பு அவற்றுக்குத் தடையாவதில்லை. சிக்கல், நீரிழிவு மாத்திரையும் இன்சுலினும் சேரும்போது எழுகிறது. சஹருக்கு எழாமல் உறங்கிவிட்டு, இஃப்தாரில் அடங்காப் பசியுடன் இனிப்பும் பொரித்தவையும் உண்பவரின் சர்க்கரை பகலில் தாழ்ந்து இரவில் எகிறும். நோயாளருக்கு நோன்பில் மார்க்கம் தந்த சலுகை காய்ச்சலுக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் மட்டும் உரியதல்ல. ஷஅபான் மாதத்திலேயே மருத்துவரிடம் சென்று மருந்துவேளைகளை மாற்றியமைத்துக்கொள்வது முறை. விரல்நுனியில் துளி இரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே இக்கால அறிஞர் பெரும்பாலோரின் கருத்து.

ஏர்வாடியில் பின்னர் தர்காவை நாடி வருவோருக்கு அங்கேயே அரசு மனநல மருத்துவம் கிடைக்க வழிசெய்யப்பட்டது. துஆவோடு தவாவும் என்ற அவ்வேற்பாடு வெற்றுப் பேச்சன்று. அங்கு வந்து மாத்திரை பெற்றுத் தெளிந்தோர் உண்டு. மாவட்ட மனநலத் திட்டம் 1997இல் திருச்சியில் தொடங்கி, 2001இல் இராமநாதபுரத்துக்கும் மதுரைக்கும் வந்து, படிப்படியாக மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. 2022இல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்க வீட்டு வாசலுக்கே வருகின்றனர். அவர்கள் வரும்போது உள்ளறையில் இருக்கும் மகனை, மகளை, தம்பியை வெட்கத்தால் மறைத்துவிட்டு வீட்டிலுள்ள முதியவருக்கு மட்டும் சோதனை செய்யச் சொல்லும் குடும்பங்கள் இருக்கின்றன. உள்ளறையில் இருப்பவரையும் வாசலுக்கு அழைத்து வந்து, அவர் உட்கொள்ளும் மாத்திரையின் பெயரைப் பணியாளரிடம் சொல்லி, அவர் விரலையும் நீட்டச் செய்யவேண்டும். அதற்கு ஆகும் நேரம் இரண்டு நிமிடம்.